கொர்னாஸ் புட்டியும் எனக்கு எட்டாத மிளகும்

பிரான்சின் லியோன் நகரில் வசித்தபோது, வடக்கு ரோன் பள்ளத்தாக்கின் கொர்னாஸ் ஊரில் விளைந்த சிரா என்னும் கருந்திராட்சையின் ஒயின் ஒன்றை வாங்கி, கோடை மாலையொன்றில் அலமாரியின் வெப்பம் மாறாமலே திறந்து ஊற்றினேன். மிளகும் ஆலிவும் புகையூட்டிய இறைச்சியும் மணக்கும் என்று எதிர்பார்த்த எனக்கு, எரிந்த ரப்பர் வாடையும் நாக்கைச் சுட்ட ஆல்கஹாலுமே கிடைத்தன. கெட்டுவிட்டதென்று எண்ணிக் கொட்டிவிடவே நினைத்தேன்.

தவறு பாதி என்னுடையது. சிரா, போதிய ஆக்சிஜன் இன்றி முதிரும்போது கந்தகச் சேர்மங்களின் வாடையை எளிதில் பற்றிக்கொள்ளும் வகை. பல வேளைகளில் காற்றுப் பட்டாலே அது விலகிவிடும். ஆகவே மிஞ்சியதை அகன்ற கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி, ஏறத்தாழ 16 டிகிரி செல்சியசுக்குக் குளிரவைத்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சுவைத்தேன். ரப்பர் வாடை மறைந்து, கருப்பு ஆலிவும் இரும்பை நினைவூட்டும் வாசமும் மேலெழுந்தன. முரடாகவே நின்ற துவர்ப்பு, வாட்டிய ஆட்டிறைச்சியுடன் அருந்தியபோதுதான் அடங்கியது.

மிளகு மணம் மட்டும் எனக்கு வரவேயில்லை. உடனிருந்த நண்பரோ அதைத் தவிர வேறெதையும் பேசவில்லை. அந்த மணத்துக்குக் காரணமான, மிளகிலும் உள்ள ரோட்டண்டோன் என்னும் சேர்மத்தை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் அடையாளம் காட்டியபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவரால் அதை நன்கு முகர இயலாது என்றும் கண்டறிந்திருந்தார்கள். அதன்பின் மிளகை நண்பரிடம் விட்டுவிட்டு, ஆலிவைக் கவனிக்கத் தொடங்கினேன்.