முன்னால் லாரி போகிறதா? இந்தத் தவறுகள் வேண்டாம்

"தறிகெட்டு ஓடிய லாரி" என்று செய்தி வந்தால், டிரைவர் குடித்திருப்பார் என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும் லாரிகளைப் பற்றி விசாரித்தால், பல நேரம் வேறொன்று சொல்வார்கள்: டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டது.

கியரில் இறங்கும்போது இன்ஜினே வண்டியை ஓடவிடாமல் பின்னுக்குப் பிடித்து இழுக்கும். நியூட்ரலுக்குத் தள்ளினால் பத்துச் சக்கர லாரியின் 28 டன் எடையும் பிரேக் டிரம்களின் தலையில் விழுகிறது. மிதிக்க மிதிக்க டிரம் சூடேறும், லைனர் பிடிமானம் இழக்கும், கருகிய வாடை வரும். சிலர் இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவார்கள். ஏர் பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரசர் இன்ஜின் ஓடினால்தான் ஓடும். அணைத்தபின் டேங்கில் இருக்கிற காற்றுதான் கையிருப்பு. ஒவ்வொரு மிதிக்கும் அது குறையும். பவர் ஸ்டியரிங்கும் திருப்பக் கஷ்டமாக இறுகிப்போகும்.

இதில் வேடிக்கை, இன்றைய எலக்ட்ரானிக் இன்ஜின்களில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கியரில் இறங்கினால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும். ஆக, மிச்சம் என்பதே இல்லை. ஏற எந்த கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இன்றைக்கும் நல்ல கணக்குதான். ட்ரிப்புக்கு ட்ரிப் மைலேஜ் கேட்டு நச்சரிக்கும் முதலாளிகளுக்கும் இந்தத் தவறில் பங்கு உண்டு.

கார்க்காரர்கள் செய்யும் தவறு இதற்கு நேர் எதிர்ப்பக்கம். இறக்கத்தில் லாரியை முந்தி, உடனே அதற்கு முன்னால் நுழைந்து, ஹோட்டல் போர்டைப் பார்த்ததும் பிரேக் அடிப்பது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடும் வண்டி அது. லோடு லாரி காரைப் போலச் சட்டென்று நிற்காது. முந்தினால் நன்றாக விலகிப் போன பிறகு உள்ளே வாருங்கள். இறக்கத்தில் பிரேக் கருகும் வாடை வந்தால் அந்த லாரிக்கு முன்னால் இருக்கவே வேண்டாம்.

டூவீலர்களுக்கு எமன் லாரியின் இடப்பக்கம். நம் ஊரில் டிரைவர் வலப்பக்கம் உட்காருகிறார். இடக் கதவை ஒட்டி நிற்கும் டிவிஎஸ் எக்ஸ்எல்லும் அதில் தொங்கும் பால் கேனும், அத்தனை உயரத்தில் இருக்கும் அவர் கண்ணுக்குப் படாது. முன்பெல்லாம் கிளீனர் ஜன்னலில் தலையை நீட்டி "ஹோல்ட், ஹோல்ட்" என்று கத்துவார். இன்று பல லாரிகளில் கிளீனரே கிடையாது. சிக்னலில் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே சந்து கிடைத்தது என்று நுழையாதீர்கள். லாரி இடது பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் அகலமாகச் சுற்றிப் போகும், பின்சக்கரம் உள்ளே ஒடுங்கி வரும். அந்தச் சந்து அப்போது இருக்காது.

லாரியின் வலது இண்டிகேட்டரை அப்படியே நம்புவதும் தவறு. ஒரு டிரைவருக்கு அது "முந்திப் போ", இன்னொருவருக்கு "வலப்பக்கம் திரும்பப் போகிறேன்". எதிர்ச்சாலை உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் முந்துங்கள்.

இத்தனைக்கும் ஓடுகிற லாரியைவிட எனக்குப் பயம் நிற்கிற லாரிமேல்தான். விடியற்காலையில் தேசிய நெடுஞ்சாலையில் விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் பின்னால் கார் மோதினால், காரின் பானட் லாரிக்கு அடியில் நுழைந்துவிடும். லாரியின் தளம் நேராகக் கண்ணாடியில் வந்து இடிக்கும். அந்த நிலையில் ஏர்பேக் பெரிதாக உதவாது. இதைத் தடுக்கத்தான் பின்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்க வேண்டும் என்று விதி. டிப்பர்களில் அது வளைந்து மேலே தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம், பேருக்கு ஒரு பைப்பை வெல்டு வைத்திருப்பதையும் பார்க்கலாம். சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர்மேல் சேறு அப்பியிருந்தால் அது ஒட்டியும் ஒட்டாததுதான். ஒரு ஈரத்துணி போதும்.

தூக்கத்தைப் பற்றி டிரைவருக்கு மட்டும் புத்தி சொல்வது நியாயமில்லை. நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை, தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே எழுதிவைத்தது. லோடு இறக்கும் நேரத்தைக் குறிப்பவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

வண்டி பழுதாகி நின்றால் மரக்கிளையை ஒடித்துப் போட்டு, நாலு கல்லை அடுக்குவது நம் வழக்கம். இரவில் அது யாருக்கும் தெரியாது. சிவப்பு முக்கோணத்தை வண்டிக்கு ஒட்டினாற்போல் அல்ல, 50 மீட்டருக்குக் குறையாமல் பின்னால் வையுங்கள்; நாலு இண்டிகேட்டரையும் போடுங்கள்; தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்குக் கூப்பிடுங்கள். ஆட்கள் வண்டிக்குள்ளோ பின்னாலோ இருக்காமல் சாலையைவிட்டு இறங்கி நிற்க வேண்டும். கல் வைத்தே ஆகவேண்டும் என்றால், கிளம்பும்போது மறக்காமல் எடுத்து ஓரமாகப் போடுங்கள். அடுத்து பைக்கில் வருபவன் அதில்தான் ஏறி விழுவான்.