லயத்துக் காம்பராவில் பாலன் குடில் கட்டுவது எப்படி

நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) இயேசு பாலன் பிறந்த தொழுவத்தைச் சின்னதாகக் கட்டி வைப்பதுதான் பாலன் குடில். விரித்து வைத்தால் வேலை முடிகிற காகித அட்டைக் குடில் இப்போது ஹட்டன் டவுனிலேயே வாங்கலாம். அதை வாங்குகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு தேவைப்படாது. நான் சொல்லப்போவது, இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எங்கள் அப்பா நத்தாருக்கு நத்தார் கட்டிய குடிலைப் பற்றி. அவருக்குப் பிறகு அது என் வேலையாகிவிட்டது.

முதலில் இடம் பாருங்கள். எங்கள் காம்பரா, அதாவது லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் எங்கள் அறை, 10-க்கு 12 அடி. கட்டிலும் அலுமாரியும் போக ஒரு மூலைதான் மிச்சம். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம் போதும். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) கட்டலாமே என்று தோன்றும். டிசம்பர் சாரலும் பக்கத்து வீட்டுக் கோழியும் விடாது. சுரூபங்கள் (சாமி சிலைகள்) வைக்கும் தட்டுக்குக் கீழே ஒரு பெட்டியைக் கவிழ்த்து, மேலே உரச் சாக்கை வெட்டி விரித்துவிடுங்கள். பாசிக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியிருப்பதால் சாக்கு கட்டாயம் வேண்டும்.

தூணுக்கு மிலாறு, அதாவது கவ்வாத்தில் வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி. கவ்வாத்து வெட்டிய மலையில் விறகுக்குப் பொறுக்கும்போதே, கவையுள்ளதாக நான்கு குச்சிகளைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெருவிரல் தடிப்பு, ஒரு சாண் உயரம். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்; பச்சைக் குச்சி நாலு நாளில் சுருங்கிக் கட்டு தளர்ந்துவிடும். ஆணி அடித்தால் பிளக்கும், சணலால் கட்டுங்கள். தேயிலைக் குச்சி நேராக இருக்காது. அதை நேராக்கப் பார்க்காதீர்கள்.

இனிக் கூரை. எல்லோரும் மானாப்புல் வேய்வார்கள். அப்பா தகரம் போடுவார். ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்தவர் அவர். பழைய தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளைக் கொண்டுவந்து, எங்கள் லயத்துக் கூரை மாதிரியே நெளிநெளியாகச் செய்வார். ஒரு தடவை வீடு மந்திரிக்க (ஆசீர்வதிக்க) வந்த சாமியார், எங்கள் பாதிரியார், "புல்லுக் கூரைதானே வழக்கம்?" என்று கேட்டுவிட்டார். அப்பா கையைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "அவரு நம்ம தோட்டத்துல பொறந்திருந்தா தகரத்துக்குக் கீழதான் சாமி பொறந்திருப்பாரு." சாமியார் சிரித்துவிட்டு, கூரைக்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்தார்.

இப்போது அந்தப் பெட்டிகள் இல்லை. பால்மா (பால்பவுடர்) அடைத்து வரும் பக்கெட் உறையைக் கழுவி, வெட்டி விரித்தால் உள்பக்கம் வெள்ளியாக இருக்கும். பதினைந்து இருபது ஈர்க்குகளை நெருக்கமாக அடுக்கி, இரு முனையையும் நூலால் கட்டுங்கள். அதன்மேல் பக்கெட்டை வெள்ளிப்பக்கம் மேலே வர வைத்து, கரண்டியின் முதுகால் ஒவ்வொரு ஈர்க்கு இடுக்கிலும் அழுத்தித் தேயுங்கள். அவசரப்பட்டால் கிழியும். எடுத்துப் பார்த்தால் அசல் தகரம். ஈர்க்குகளை உருவாமல் அப்படியே வைத்து ஒட்டினால் நெளிவு படியாமல் நிற்கும். ஓரிடத்தில் கொஞ்சம் தேயிலைச் சாயம் தடவுங்கள், துருப்பிடித்த மாதிரி இருக்கும். கடைசியில் கூரையில் இரண்டு சின்னக் கல். கல் வைக்காத லயத்துக் கூரை உண்டா?

தரைக்குத் தேயிலைச் சக்கை. ஒரு வாரம் சேர்த்து வெயிலில் காயவைத்தால் நல்ல மண் நிறம் வரும். ஈரத்தோடு போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். சுற்றிலும் பாசி. கான் (வடிகால்) ஓரத்துப் பாறையிலிருந்து, கல்லிலிருந்து ரொட்டியைக் கிளப்புவது போலக் கத்தியைப் படுக்கவைத்துக் கிளப்ப வேண்டும். முழுப் பாறையையும் மொட்டையாக்க வேண்டாம். டிசம்பர் 22-க்கு முன்னால் எடுத்தால் நத்தாருக்குள் மஞ்சளாகிவிடும். எடுத்த பாசியை ஒரு இரவு வெளியே வைத்து, காலையில் உதறிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். ஒரு வருடம் நான் உதறவில்லை. செபமாலை நடுவில் தம்பி கத்தினான், பார்த்தால் சூசையப்பரின் தோளில் ஒரு அட்டை நெளிந்துகொண்டிருந்தது. அம்மா செபத்தை நிறுத்தாமலே உப்பை எடுத்து வந்தார்.

மாடும் கழுதையும் லூக்கா நற்செய்தியில் இல்லை. எசாயா 1:3-இல் வருகிற காளையையும் கழுதையையும் நினைத்துத்தான் குடிலில் சேர்த்தார்கள். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித அசிசி பிரான்சிஸ் நத்தார் கொண்டாடியபோதும் உயிருள்ள மாடும் கழுதையும் நின்றன. அதனால் வைக்கலாம். எங்கள் கழுதைக்கு ஒரு காது இல்லை, அது பரவாயில்லை. பாலனைப் பார்க்க வரும் மூன்று ராசாக்களை மட்டும் அவசரப்பட்டு உள்ளே விடாதீர்கள். ஜன்னலில் தொடங்கி, தினம் ஒரு விரற்கடை நகர்த்தி, ஜனவரி 6-இல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள்.

தீவனத் தொட்டிக்கு மானாப்புல். நத்தாருக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு புல் போடலாம், இது அம்மா வைத்த சட்டம். தம்பி ஒரு கட்டுப் புல்லை மொத்தமாகத் திணித்துவிட்டு, தண்ணீர் தூக்கியதாகக் கணக்குச் சொன்னான். அம்மா எண்ணிப் பார்த்து, மிச்சத்துக்கு அவனை உண்மையாகவே பீலிக்குத் தண்ணீர் எடுக்க அனுப்பினார்.

மெழுகுதிரி வேண்டவே வேண்டாம். ஒரு தடவை தொட்டிப் புல்லில் நெருப்புப் பிடித்து, மாதாவின் முக்காடு இன்றும் கறுப்பாக இருக்கிறது. சின்ன டோர்ச் ஒன்றில் செம்மஞ்சள் டொஃபி தாளைச் சுற்றிக் கூரைக்குப் பின்னால் வையுங்கள்.

பாலனை 24-ஆம் திகதி இரவு வரை வைக்கக்கூடாது. எங்கள் தோட்டத்துக் கோவிலில் அன்று பூசை சாயங்காலம் ஏழு மணிக்கே. சாமியார் அடுத்தடுத்த தோட்டங்களுக்கும் போக வேண்டும். பூசை முடிந்து வந்து, வீட்டின் கடைசிப் பிள்ளை பாலனைக் கிடத்த வேண்டும். எங்கள் கடைசிப் பிள்ளை இப்போது கொழும்பில் வேலை செய்கிறாள். போன வருடம் லீவு கிடைத்தது 24 இரவில்தான். பன்னிரண்டு மணி ஆனதும் நான் பாலனை எடுக்கப் போனேன். "அவ வரட்டும்" என்றார் அம்மா. விடிய ஐந்தரைக்கு, கொழுந்துப் பாதையில் நனைந்த சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். முகம்கூடக் கழுவவில்லை. அரிசி டின்னில் வைத்திருந்த பாலனை எடுத்து, ஒட்டியிருந்த உமியை ஊதிவிட்டுத் தொட்டியில் கிடத்தினாள். அப்புறம்தான் அம்மா அடுப்பு மூட்டினார்.

கலைக்கும்போது பாசியைத் திரும்ப அதே பாறையில் அப்பிவிடுங்கள், சிலது பிடித்துக்கொள்ளும். மிலாறு அடுப்புக்கு. தகரத்தை மட்டும் மடிக்காமல் எடுத்து வையுங்கள், அடுத்த வருடத்துக்கும் ஆகும்.