வக்கீல் போன் எடுக்கவில்லையா? முதலில் வழக்கு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்

2024 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை. தம்பி கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முட்டிக்குக் கீழே கம்பி வைத்த கால், மடக்கினால் வலிக்கும். "தீபாவளியிலிருந்து போன் பண்றேன் அண்ணே, வக்கீல் எடுக்கவே மாட்டேங்கிறார்" என்றான். 2022 ஆகஸ்டில் தஞ்சாவூர் சாலையில் அவன் வண்டி மீது ஒரு சரக்கு வேன் மோதியது. அந்த டிசம்பரில் நஷ்டஈட்டு வழக்குப் போட்டோம். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

நான் தபால் துறையில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு கடிதம் எங்கே நிற்கிறது என்று தேடுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. வழக்கையும் அப்படித் தேடலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வக்கீல் பேசவில்லை என்பது வேறு, வழக்கு என்ன ஆனது என்பது வேறு. நாம் முதலாவதற்காகக் கோபப்பட்டுக்கொண்டு இரண்டாவதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். வக்கீலோடு சண்டை போடுவதற்கு முன்னால் வழக்கைப் பாருங்கள். அதற்கு அவர் தயவு வேண்டாம்.

கைபேசியில் ஈ-கோர்ட்ஸ் செயலி இலவசம். மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் தேர்ந்தெடுத்து, மனுதாரர் பெயரும் வருஷமும் கொடுத்துத் தேடலாம். பெயரை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும், வம்பு அங்கேதான். குமாஸ்தா எந்த எழுத்துக்கூட்டலில் பதிந்தாரோ அதே கூட்டல் வேண்டும். 'தி'க்கு டி மட்டும் போட்டாரா, ஹெச் சேர்த்தாரா என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். பெயரில் சிக்காவிட்டால், காவல் நிலையத்தையும் எஃப்.ஐ.ஆர். எண்ணையும் வைத்துத் தேடலாம். சிக்கியதும் எம்.சி.ஓ.பி. எண்ணையும் (விபத்து நஷ்டஈட்டு வழக்கின் எண்), சி.என்.ஆர். என்கிற, எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்கக் குறியீட்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை சி.என்.ஆர். ஒன்றே போதும்.

நாங்கள் அரை மணி நேரம் தேடியும் தம்பியின் வழக்கு வரவில்லை. வழக்கே போடவில்லையோ என்று அவன் முகம் சுருங்கிவிட்டது. அப்புறம்தான் கவனித்தேன், 'நிலுவையில் உள்ளவை' என்ற பொத்தானே அழுந்தியிருந்தது. 'முடிந்தவை' என்பதைத் தொட்டேன். வந்தது. பிப்ரவரி 12 அன்று 'டிஃபால்ட்' என்று தள்ளுபடி. மனுதாரர் சாட்சிக்குப் போட்டிருந்த வாய்தாவில் தம்பியும் வரவில்லை, வக்கீலும் வரவில்லை.

செயலியில் மூன்று விதமான பதில் வரலாம். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, அடுத்த வாய்தா தேதி இருக்கிறது என்றால் பதற வேண்டியதில்லை. எதிர் உரைக்காக, டாக்டர் சாட்சிக்காக என்று மாதக்கணக்கில் நகராமல் நிற்பது விபத்து வழக்கில் சாதாரணம். வக்கீல் பேசாததற்குப் பாதி நேரம் சொல்வதற்கு ஒன்றும் இல்லாததுதான் காரணம். வழக்கே தென்படவில்லை என்றால், மனு ஏதோ குறைக்காக கோர்ட்டிலிருந்து ரிட்டர்ன் ஆகி, வழக்கு எண் கிடைக்காமல் வக்கீல் அலுவலகத்தில் கிடக்கலாம். இது கெட்டது. 2022 ஏப்ரல் 1 முதல் அமலான திருத்தத்தில், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று கெடு வந்துவிட்டது. தள்ளுபடி என்று இருந்தால் நாள் எண்ண வேண்டும். டிஃபால்ட்டில், அதாவது ஆள் வராததால், போன வழக்கை மறுபடி கோப்புக்கு எடுக்கக் கேட்கும் மீட்பு மனுவுக்கு 30 நாள். எங்களுக்கு 20 நாள் போய்விட்டிருந்தது. கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி தனி மனு, அதற்குத் தனி வாய்தா.

இனி வக்கீல். போனை விட்டுவிடுங்கள், எழுதுங்கள். 'சார் கேஸ் என்ன ஆச்சு' என்று 40 தடவை அடித்த போனுக்கு ஒரு சாட்சியும் இல்லை. நான் எழுதிக் கொடுத்தது இதுதான்:

"ஐயா, எனது எம்.சி.ஓ.பி. வழக்கு 12.02.2024 அன்று தள்ளுபடியானதாக இணையத்தில் பார்த்தேன். அன்றைய வாய்தா பற்றி எனக்குத் தகவல் இல்லை. 30 நாள் கெடு 13.03.2024 அன்று முடிகிறது. அதற்குள் மீட்பு மனு தாக்கல் செய்ய வேண்டுகிறேன். கையெழுத்திட எப்போது வர வேண்டும் என்பதை 07.03.2024க்குள் தெரிவிக்கவும். எனது இப்போதைய கைபேசி எண் கீழே."

அவ்வளவுதான். திட்டு இல்லை, கெஞ்சல் இல்லை. ஒரு தேதி, ஒரு வேலை, ஒரு கெடு. திங்கட்கிழமை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். (2025இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது ஸ்பீடு போஸ்டில் பதிவும் டெலிவரி அத்தாட்சியும் கேட்டு வாங்குங்கள்.) ரசீதைப் படம் எடுத்து வையுங்கள், வெயிலில் எழுத்து மங்கிவிடும். முகவரி எடுக்கும்போது வக்காலத்திலோ மனுவின் கடைசிப் பக்கத்திலோ உள்ளதை அப்படியே எழுதுங்கள். 'வாங்க மறுத்தார்' என்று திரும்பி வந்தாலும் உறையைப் பிரிக்காதீர்கள். நான் எத்தனையோ உறையில் அந்தக் குறிப்பை எழுதியிருக்கிறேன், பிரிக்காத உறைக்குத்தான் மதிப்பு.

புதன்கிழமை கடிதம் சேர்ந்தது, வியாழக்கிழமை ஜூனியர் கூப்பிட்டார். அவர் சொன்னதையும் மறைக்காமல் சொல்கிறேன். வாய்தாவுக்கு முன்னால் குமாஸ்தா நாலு முறை தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார், பழைய சிம் எண்ணில். தம்பி பொங்கலுக்கு முன்பே எண்ணை மாற்றியிருந்தான், அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. வக்கீல் அன்றைக்கு வராததற்கு இது சாக்கு ஆகாது. ஆனாலும் எங்கள் பக்கமும் ஓட்டை இருந்தது. எண், வீடு, வங்கிக் கணக்கு எது மாறினாலும் குமாஸ்தாவிடம் சொல்லுங்கள். வாய்தா டைரி அவர் கையில். வக்கீலைப் பிடிக்க முடியாத நாளில் காலை பத்து மணிக்கு கோர்ட் வாசல் டீக்கடையில் குமாஸ்தாவைப் பிடிக்கலாம்.

மார்ச் 11 அன்று மீட்பு மனு போனது. ஜூன் 24 அன்று வழக்கு மறுபடி கோப்புக்கு வந்தது. அதற்கப்புறமும் பழைய மௌனமே தொடர்ந்ததால் வக்கீலை மாற்றினோம். அது நம் உரிமை, காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. புது வக்கீல் கேட்பது, பழையவரிடம் 'ஆட்சேபணை இல்லை' என்று வக்காலத்தில் ஒரு கையெழுத்து. அவர் தரவில்லை என்றால் கோர்ட்டில் மனு போட்டு அனுமதி வாங்கலாம்.

பெரிய சண்டை வழக்குக் கட்டுக்காக (வக்கீலிடம் இருக்கும் நம் காகிதங்கள்) வரும். காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில் எல்லாம் அசலாக அதில்தான் இருக்கும். "ஃபீஸ் பாக்கியைக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம், தெரியும் என்று காட்டினால் போதும். நியாயமான செலவை ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள், நாங்களும் கொடுத்தோம். வந்த பணத்தில் இத்தனை சதவீதம் என்று பேசியிருந்தால், அப்படிப் பேசுவதையே பார் கவுன்சில் விதி தடுக்கிறது. ஊரில் நடப்பது வேறு என்பது எனக்கும் தெரியும்.

கட்டை வாங்கும்போது அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக எண்ணுங்கள். எங்களுக்கு மூன்று மருந்து பில் குறைந்தது. மருந்துக்கடையில் நகல் எடுத்துச் சரிசெய்தோம். கோர்ட்டில் ஏற்கெனவே தாக்கலானவற்றுக்கு நகல் மனு போட்டு சான்றிட்ட நகல் வாங்கலாம்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்களுக்கு வக்கீலை இலவசமாகவே தருவார்கள். உதவி எண் 15100.

புகார் கடைசி. வக்கீல்மேல் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது, 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. உள்ளது சென்னையில் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில்தான். கண்டிக்கவும், தொழில் செய்யத் தடை போடவும் அதனால் முடியும். உங்கள் வழக்கை அது மீட்டுத் தராது. அதனால் வழக்கைக் காப்பாற்றிக்கொண்டு புகாருக்குப் போங்கள். நாங்கள் போகவில்லை, தம்பிக்கு அலைய முடியாது.

இன்னொன்று. மாதக்கணக்காகக் காணாத வக்கீல் திடீரென்று கூப்பிட்டு "லோக் அதாலத்தில் முடிச்சிடலாம், வந்து கையெழுத்துப் போடுங்க" என்பார். சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றம் அது. தொகை என்ன என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். அங்கே முடிந்ததற்கு அப்பீல் கிடையாது. வழக்கமான தீர்ப்பென்றால் அப்பீலுக்கு 90 நாள் உண்டு. வெற்றுத் தாளில் மட்டும் யார் கேட்டாலும் கையெழுத்து வேண்டாம்.

தம்பிக்கு 2025 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. ஆண்டுக்கு 7.5 சதவீத வட்டி, தள்ளுபடியாகிக் கிடந்த காலம் நீங்கலாக. காலண்டரை எடுத்து வைத்து எண்ணினான். பிப்ரவரி 12 முதல் ஜூன் 24 வரை, 133 நாள்.