பழைய டாட்ஜ் ராம் டீசல்: கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் நடக்கும் தவறுகள்

1998-ன் பாதியிலிருந்து 2002 வரை வந்த டாட்ஜ் ராம் டீசல் பிக்கப்பில் இருக்கும் 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின் லட்சக்கணக்கான மைல் அசராமல் ஓடும். அதோடு வரும் 47ஆர்இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு அந்த நல்ல பெயர் கிடையாது. அதனாலேயே வண்டி கொஞ்சம் உதறினாலும் "பாக்ஸ் போச்சு" என்று சொல்லி இறக்கிவிடுகிறார்கள். கோளாறு பாக்ஸுக்கு வெளியே, ஒரு ஒயரிலோ கேபிளிலோ இருந்திருக்கும்.

ஆயில் அளவு பார்ப்பதிலேயே முதல் தவறு தொடங்குகிறது. பல வண்டிகளில் லீவரைப் பார்க்கில் வைத்து டிப்ஸ்டிக்கை உருவுவது வழக்கம். இங்கே அது செல்லாது. பார்க்கில் இருக்கும்போது டார்க் கன்வெர்ட்டருக்கு (எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) ஆயில் போகாது. ஓடிச் சூடான வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, லீவரை எல்லா கியருக்கும் ஒருமுறை நகர்த்திவிட்டு, நியூட்ரலில் வைத்துப் பார்க்க வேண்டும். பல நாள் நின்ற வண்டி, டிரைவ் போட்டதும் சில விநாடி நகராமல் அடம்பிடிப்பதற்கும் காரணம் இதை ஒட்டியதுதான். கன்வெர்ட்டரில் இருந்த ஆயில் கீழே வடிந்திருக்கும். நியூட்ரலில் கொஞ்சம் ஓடவிட்டால் நிரம்பிவிடும். அதை வைத்து பம்ப்பைக் குறை சொல்ல வேண்டாம். ஊற்றுவது ஏடிஎஃப்+4 ஆயிலாக இருக்கட்டும். கடையில் கைக்குக் கிடைத்த டெக்ஸ்ரான் வகை ஆயிலை ஊற்றிவிட்டு, லாக்-அப் ஆகும்போது, அதாவது கன்வெர்ட்டரின் உள் கிளட்ச் எஞ்சினையும் பாக்ஸையும் நேராகப் பூட்டும்போது, அதிர்கிறதே என்று தேடுவது வீண் வேலை.

இந்த வண்டிகளில் அதிகம் பேரைச் சுற்றவிடும் கோளாறு லாக்-அப் ஊசலாட்டம். 45 முதல் 55 மைல் வேகத்தில் சீராகப் போகும்போது ஆர்பிஎம் முள் இருநூறு, முந்நூறு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டரின் உள் கிளட்ச் பிடிப்பதும் விடுவதுமாக இருக்கிறது என்று அர்த்தம். உடனே கன்வெர்ட்டரை மாற்றிவிடுவார்கள். புதியதும் அதையே செய்யும்! பிடிக்கச் சொல்வதும் விடச் சொல்வதும் கம்ப்யூட்டர். அது ஆக்சிலரேட்டர் பெடல் சென்சாரிலிருந்து வரும் வோல்ட்டை நம்பித்தான் முடிவெடுக்கிறது. ஆல்டர்னேட்டரில் ஒரு டயோடு கெட்டால் டிசி கரன்ட்டில் ஏசி கலந்து வரும். அந்த இரைச்சல் சென்சார் ஒயரில் ஏறினால், கால் அசையாமலே பெடல் ஆடுவதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும்.

சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் ஓடட்டும், ஹெட்லைட்டும் ப்ளோயரும் எரியட்டும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரு முனையிலும் தொடுங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கலாம். இன்னும் உறுதி வேண்டுமென்றால், ஆல்டர்னேட்டரின் சின்ன ஃபீல்டு ப்ளக்கைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். ஊசலாட்டம் நின்றுவிட்டால் குற்றவாளி கிடைத்தாயிற்று. நிற்கவில்லையா? இரண்டு பேட்டரிகளின் டெர்மினல்கள், எர்த் ஒயர்கள், அப்புறம் பெடல் சென்சார். மலிவான ரீபில்ட் ஆல்டர்னேட்டர் வாங்கியிருந்தால், புதுசுதானே என்று விட்டுவிடாமல் அதையும் அளந்து பாருங்கள்.

அடுத்தது த்ராட்டில் வால்வு கேபிள். இதை வெறும் கியர் மாறும் நேரத்தைத் திருத்தும் கேபிளாக நினைத்து, 'மென்மையாக மாறட்டும்' என்று தளர்த்திவிடுகிறார்கள். பாக்ஸுக்குள் ஆயில் அழுத்தத்தை ஏற்றுவதும் இதே கேபிள்தான். தளர்ந்திருந்தால் கியர் மிருதுவாக விழும், உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் நழுவிக் கருகும். ரொம்ப இறுக்கினால் கியர் தாமதமாக, இடித்துக்கொண்டு மாறும்.

ஸ்கேனர் காட்டும் கோடுக்கு, அதாவது கோளாறைக் குறிக்கும் எண்ணுக்கு வருவோம். பி1693 வந்தால் அதற்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை. இந்த வண்டியில் எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர், கியர்பாக்ஸைக் கவனிக்க இன்னொன்று. ஒன்றில் கோடு பதிவாகியிருப்பதை மற்றது சொல்வதுதான் பி1693. இரண்டையும் படிக்காத ஸ்கேனர் பாதிக் கதையைத்தான் சொல்லும். பி1762, பி1763, பி1764 என்றால் கவர்னர் அழுத்த (வேகத்துக்கு ஏற்பக் கியரை மாற்ற வைக்கும் ஆயில் அழுத்தம்) சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். முதல் கியரிலிருந்து மாற மறுப்பது, மூன்றாவதில் கிளம்புவது எல்லாம் அதோடும் அதன் சொலினாய்டோடும் சேர்ந்து வரலாம். இரண்டும் ஆயில் பானுக்குள், ஆயிலை வேண்டிய கிளட்ச்சுக்குத் திருப்பிவிடும் வால்வு பாடியில் இருப்பதால், ஃபில்டர் மாற்றும்போது பாக்ஸை இறக்காமலே மாற்றிவிடலாம்.

ரிவர்ஸ் விழவில்லை, முன்னால் மட்டும் போகிறது என்றாலும் உடனே முடிவு கட்ட வேண்டாம். லீவரை 1-ல் போட்டு மெதுவாக ஓட்டி, ஆக்சிலரேட்டரை விட்டுப் பாருங்கள். எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் பின் பேண்ட் (பாக்ஸுக்குள் டிரம்மைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பட்டை) வேலை செய்கிறது. முன் கிளட்ச்சில்தான் பிரச்சினை. பிடிக்கவில்லை என்றால் பின் பேண்டைப் பார்க்க வேண்டும். சில நேரம் அதைச் சரியாக அட்ஜஸ்ட் செய்தாலே போதும்: 72 இன்ச்-பவுண்டுக்கு முறுக்கி, அந்த வருட மேனுவல் சொல்லும் சுற்றுகள் பின்னால் விட வேண்டும். கண் அளவில் முறுக்குபவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஆயில் பானைக் கழற்றினால் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருப்பது சாதாரணம். இரும்புத் துருவலோ கருகிய வாசனையோ இருந்தால் புது ஆயிலும் பாட்டில் மருந்தும் காப்பாற்றாது, பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். அப்படி இறக்கியவர்கள் செய்யும் மோசமான தவறு, பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் பழைய கூலரை அப்படியே விட்டுவிடுவது. போன பாக்ஸின் தூளெல்லாம் அதில் தங்கியிருக்கும். நன்றாக ஃபிளஷ் செய்தோ, புதிதாக மாற்றியோதான் புது பாக்ஸோடு இணைக்க வேண்டும்.

பவர் கூட்டும் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 2001-ல் 505 பவுண்டு-அடி டார்க் தரும் எஞ்சினை டாட்ஜ் கொண்டுவந்தபோது, அதை ஆறு கியர் மேனுவலோடு மட்டுமே விற்றது. ஆட்டோமேட்டிக்குக்குக் கிடைத்தது 460-தான். கம்பெனியே கொடுக்கத் தயங்கிய டார்க்கை, கன்வெர்ட்டரும் வால்வு பாடியும் மாற்றாத ஒரு பழைய பாக்ஸின் மேல் ஏற்றி, பின்னால் ட்ரெய்லரையும் மாட்டினால், நழுவ ஆரம்பிக்க அதிக நாள் ஆகாது.