பழைய காரில் ஆல்டர்னேட்டரை நாமே மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில், எஞ்சின் ஓடும்போது பெல்ட்டால் சுழன்று மின்சாரம் தந்து பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர் தேய்ந்துபோவதில் வியப்பில்லை. சுழலும் ரோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்கள் வண்டி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் சிறிது சிறிதாகத் தேய்கின்றன. பேரிங்கின் கிரீஸ் எஞ்சின் சூட்டில் காய்கிறது. அதில் உருவாகும் மாறுமின்னோட்டத்தை பேட்டரிக்கேற்ற நேர்மின்னோட்டமாக்கும் டயோடுகள் பல ஆண்டு வெப்பத்தைத் தாங்கிக் களைத்துப்போகின்றன. பட்டறைகளில் இன்றும் டைனமோ என்றே பலர் சொல்லும் இந்தப் பொருளைக் கழற்றி மாட்டுவது, எஞ்சின் அறையில் கை நுழைய இடமுள்ள பழைய கார்களில் அரை நாள் வேலைதான். இரண்டு மூன்று போல்ட்டுகள், ஒரு பெல்ட், ஒரு தடித்த கம்பி, ஒரு பிளக் என்பதற்கு மேல் பெரும்பாலும் எதுவும் இல்லை. ஆனால் ஆல்டர்னேட்டருக்கு வயதானபோது அதைச் சுற்றியுள்ள கம்பி, எர்த் (எஞ்சினையும் பாடியையும் பேட்டரி மைனஸோடு இணைக்கும் கம்பி), பெல்ட், பேட்டரி ஆகியவற்றுக்கும் அதே வயது ஆகியிருக்கிறது என்பதை மறந்துவிடுவதால்தான், புதிதாக மாட்டியதும் சில மாதங்களில் பழுதாகிறது, அல்லது மாட்டிய பிறகும் சார்ஜ் விளக்கு அணைய மறுக்கிறது.

முதல் தவறு ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது: அளந்து பார்க்காமலே ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று முடிவு செய்வது. காலையில் செல்ஃப் எடுக்காததற்குக் காரணம் நான்கைந்து ஆண்டுகளான பேட்டரியாகவும் இருக்கலாம், டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியாகவும் இருக்கலாம். சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். இரவு முழுதும் நிறுத்தி வைத்த வண்டியில் நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும்; எஞ்சினை ஓட்டியதும் அது 13.8 முதல் 14.5 வரை உயர வேண்டும், ஹெட்லைட், ஏ.சி., பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு எஞ்சின் வேகத்தைச் சற்றுக் கூட்டினால் 13 வோல்ட்டுக்கு மேல் நிலையாக நிற்க வேண்டும். 15 வோல்ட்டைத் தாண்டினால் மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர், அதாவது கட்-அவுட், பழுதாகியிருக்கிறது என்று பொருள். அதை அப்படியே விட்டால் பேட்டரி கொதித்து நீர் வற்றும். மீட்டரை மாறுமின்னோட்டத்தை அளக்கும் ஏசி வோல்ட் நிலைக்குத் திருப்பி, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் வைத்துப் பார்க்கும் சோதனையைப் பலரும் செய்வதில்லை. அதில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு ஒன்று கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். பகலில் நன்றாக ஓடிவிட்டு, இரவில் நிறுத்திய வண்டியின் பேட்டரி விடியற்காலையில் காலியாக இருப்பதற்கும் கசியும் டயோடு ஒரு காரணம்.

டாஷ்போர்டில் சார்ஜ் விளக்காக எரியும் பேட்டரிச் சின்னத்தையும் கவனிக்க வேண்டும். பழைய கார்கள் பலவற்றில் அந்தச் சிறிய பல்பின் வழியாகத்தான் ரோட்டருக்கு முதல் மின்னோட்டம் செல்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரியவில்லை என்றால், பல்பு பியூஸாகியோ கம்பி அறுந்தோ ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்காமல் இருக்கக்கூடும். சில ரூபாய் பல்புக்காகப் பல ஆயிரம் ரூபாய்ப் பொருளை மாற்றியவர்கள் உண்டு. பேட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் இடையிலுள்ள மெயின் பியூஸையும் பார்த்துவிட வேண்டும். ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது யாராவது கம்பியை மாற்றி வைத்திருந்தால் முதலில் போவது பெரும்பாலும் அதுதான். அடுத்து, எஞ்சின் ஓட, விளக்குகள் எரிய, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பி போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வைத்தால், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு வோல்ட்டில் பத்தில் இரண்டு மூன்று பங்குக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் கம்பிக்குள் துரு ஏறியிருக்கிறது. ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே இதே சோதனையைச் செய்தால் எர்த் கம்பியின் நிலை தெரிந்துவிடும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் ஓடிய கார்களில் எர்த் கம்பி வெளியே நன்றாகத் தெரிந்தாலும் முனையில் பச்சை பூத்து உள்ளே அரித்துப்போயிருப்பது மிகச் சாதாரணம்.

பழுது ஆல்டர்னேட்டரில்தான் என்று உறுதியானாலும், முழுதாக மாற்ற வேண்டுமா என்பது தனிக் கேள்வி. பல மாடல்களில் பிரஷும் ரெகுலேட்டரும் சேர்ந்த பெட்டி பின்பக்கத்தில் இரண்டு மூன்று திருகுகளால் பொருத்தப்பட்டிருக்கும். பழுது அதில்தான் என்றால் அதை மட்டும் மாற்றினால் போதும். சென்னை பாடியில் 1960-களிலிருந்து இயங்கும் லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலையின் தயாரிப்புகள் இந்தியக் கார்களில் பரவலாக இருப்பதால், அவற்றுக்கான உதிரிகள் கிடைப்பதும் எளிது. ஆனால் பிரஷ்கள் உரசும் வளையமான ஸ்லிப் ரிங்கில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புது பிரஷ் அதில் நெடுநாள் நிற்காது. பேரிங் இரைகிறது, ரோட்டரைச் சுற்றி நிற்கும் கம்பிச் சுருளான ஸ்டேட்டர் கருகிய வாடை அடிக்கிறது என்றால் முழுதாக மாற்றுவதே சிக்கனம்.

வாங்கும்போது காரின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பது அடுத்த தவறு. ஒரே காரில் ஆண்டுக்கு ஆண்டு, ஏ.சி. உள்ளது இல்லாதது, பெட்ரோல் டீசல் என ஆல்டர்னேட்டர் மாறும். கழற்றியதைக் கையில் எடுத்துச் சென்று, புதியதன் பக்கத்தில் வைத்து, தகட்டிலுள்ள ஆம்பியர், புல்லியின் வரிகள், பிளக்கிலுள்ள பின்களின் எண்ணிக்கை, போல்ட் துளைகளின் இடைவெளி ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். சில டீசல் கார்களின் புல்லி ஒரு பக்கம் மட்டுமே பிடித்து மறுபக்கம் தனியே சுழலும் வகையைச் சேர்ந்தது. அதற்குப் பதில் சாதாரணப் புல்லி உள்ளதை மாட்டினால் பெல்ட் அதிர்ந்து விரைவில் கெடும். பழைய உதிரிகள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையிலோ வேறெங்குமோ பழையது வாங்குவோர், கடையிலேயே சோதனை பெஞ்சில் ஓட்டிக் காட்டச் சொல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது.

பேட்டரியின் மைனஸைக் கழற்றாமல் வேலையைத் தொடங்குவது இவற்றில் மிக ஆபத்தானது. ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள தடித்த கம்பி, சாவி அணைந்திருந்தாலும், நேராக பேட்டரியோடு இணைந்தே இருக்கிறது. அந்த நட்டில் வைத்த ஸ்பேனரின் மறுமுனை எஞ்சினில் பட்டால் ஸ்பேனர் அங்கேயே பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும், கை சுடும், கம்பி எரியும். மைனஸைத்தான் முதலில் எடுக்க வேண்டும்; பிளஸ்ஸில் தொடங்கினால் ஸ்பேனர் பாடியில் பட்டு அதே விபத்து பேட்டரியிலேயே நடக்கும். மோதிரத்தையும் உலோகக் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

பழைய வண்டியில் பொறுமையைச் சோதிப்பது கீழ்ப் போல்ட். பல ஆண்டு அசையாத போல்ட்டின் மரையில் துரு ஏறியிருக்கும். முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிட வேண்டும். போல்ட் வெளியே வந்த பிறகும் ஆல்டர்னேட்டர் அசையாது. அதற்குக் காரணம், போல்ட் நுழையும் அதன் காதுகளில் ஒன்றினுள் இருக்கும் சிறு எஃகு வளையம், போல்ட் இறுகும்போது நகர்ந்து பிராக்கெட்டைக் கவ்விப் பிடித்திருப்பது. இது தெரியாமல் கடப்பாரை போட்டு நெம்பினால் அலுமினியக் காது முறியும். முறிவது பழைய ஆல்டர்னேட்டரின் காது என்றால் கவலையில்லை, எஞ்சினோடு சேர்ந்த பிராக்கெட் என்றால் செலவு வேறு கணக்கு. மெல்ல முன்னும் பின்னும் ஆட்டித்தான் எடுக்க வேண்டும். புதியதை மாட்டும்போது இதே வளையம் மறுபடி தடையாக நிற்கும்: இடைவெளி ஒரு மில்லிமீட்டர் போதாமல் உள்ளே நுழைய மறுக்கும். அப்போது சுத்தியலால் ஆல்டர்னேட்டரை அடிப்பவர்கள்தான் அதிகம். அதை வெளியே வைத்து, வைஸ் என்ற இறுக்கிப் பிடிக்கும் கருவியில் பொருத்தி, வளையத்தை மட்டும் இரண்டு மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளிவிட்டால் கையாலேயே அமர்ந்துவிடும்.

குவாலிஸ், சுமோ, பொலேரோ போன்ற டீசல் வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்னால் வேக்குவம் பம்ப் ஒன்று ஒட்டியிருக்கும். பிரேக் மிதியை இலகுவாக்கும் வெற்றிடத்தை உண்டாக்குவது அதுதான். எஞ்சினிலிருந்து எண்ணெய் அதற்குள் சென்று, உராய்வைக் குறைத்துவிட்டுத் திரும்பி வருகிறது. எனவே இங்கே செய்யும் தவறு சார்ஜோடு நிற்பதில்லை, பிரேக்கையே பாதிக்கிறது. எண்ணெய்க் குழாயின் இருபுறமும் உள்ள செம்பு வாஷர்களைப் பழையதையே திரும்பப் போடக் கூடாது. ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை முழுதாக அடைக்காது, கசியும் எண்ணெய் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே இறங்கும். புதிய பம்ப்பை மாட்டும் முன் அதன் வாயில் சில துளி எஞ்சின் எண்ணெய் விட்டுக் கையால் சுழற்றினால் முதல் ஓட்டத்தில் காய்ந்து உரசாது. வேலை முடிந்ததும் எஞ்சின் எண்ணெய் அளவைப் பார்த்து, நின்ற நிலையில் எஞ்சினை ஓட்டி, பிரேக் மிதி மென்மையாக இறங்குகிறதா என்று உறுதி செய்யாமல் வண்டியைத் தெருவுக்கு எடுக்கவே கூடாது.

பெல்ட்டைக் கழற்றும் முன் அது எந்தெந்தப் புல்லியைச் சுற்றிப் போகிறது என்று அலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். உட்புறத்தில் வெடிப்பு இருந்தால் புதியது போட வேண்டும். பழைய மாதிரி ஃபேன் பெல்ட்டை நீளமான இடைவெளியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். கீச்சிடக் கூடாது என்பதற்காக இரும்புக் கம்பிபோல் இறுக்கி வைப்பதால் புது ஆல்டர்னேட்டரின் பேரிங்கோடு வாட்டர் பம்பின் பேரிங்கும் சேர்ந்து போகிறது.

பழையது ஏன் செத்தது என்று கேட்காமல் புதியதை மாட்டுவதும் தவறே. மேலிருந்து டேப்பட் கவரின் (எஞ்சின் மேல்மூடியின்) எண்ணெய் சொட்டுகிறதா, பவர் ஸ்டீயரிங் குழாயோ கூலண்ட் குழாயோ கசிகிறதா என்று பார்த்து அதை முதலில் அடைக்க வேண்டும். பல கார்களில் ஆல்டர்னேட்டர் எஞ்சினின் அடிப்பகுதியில் இருப்பதால், 2015 டிசம்பரில் சென்னையில் வந்ததுபோன்ற வெள்ளத்தில் முதலில் மூழ்குபவற்றுள் அதுவும் ஒன்று. சேறு கலந்த நீர் புகுந்தது பிறகு எத்தனை மாதம் ஓடினாலும் நம்பத் தக்கதன்று. வாட்டர் சர்வீஸில் எஞ்சின் மீது அழுத்தத்தில் நீர் பாய்ச்சுவதும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது.

மாட்டிய பின், இறந்த பேட்டரியோடு ஸ்டார்ட் செய்து புது ஆல்டர்னேட்டர் அதை நிரப்பட்டும் என்று விடக் கூடாது; முழு ஆம்பியரில் நெடுநேரம் ஓடிச் சூடேறுவதற்காக அது வடிவமைக்கப்படவில்லை. வெளிச் சார்ஜரில் பேட்டரியை ஏற்றிக்கொண்டு மாட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி கம்பியைக் கழற்றி, நின்றுபோகாவிட்டால் ஆல்டர்னேட்டர் நல்லது என்று சொல்லும் பழைய சோதனையை இன்றைய கார்களில் செய்யவே கூடாது. பேட்டரி விலகிய அந்தக் கணத்தில் மின்னழுத்தம் பல மடங்கு தாவி, எஞ்சினை இயக்கும் கணினியான ஈசிஎம்மையும் டயோடுகளையும் கொல்லக்கூடும். மீட்டர் இருக்கும்போது அந்தச் சோதனைக்குத் தேவையும் இல்லை. புதிய கார்கள் சிலவற்றில் ஆல்டர்னேட்டர் தரும் மின்னழுத்தத்தைக் கணினி கூட்டிக் குறைப்பதால், 12.8 வோல்ட் மட்டும் காட்டினாலும் உடனே பழுது என்று எண்ண வேண்டாம்; விளக்குகளைப் போட்டு அளந்தால் ஏறும். மாருதியின் சியாஸ், எர்டிகா போன்றவற்றின் எஸ்எச்விஎஸ் எனப்படும் ஹைபிரிட் மாடல்களில் ஆல்டர்னேட்டருக்குப் பதில் எஞ்சினைத் தள்ளவும் செய்யும் மோட்டார் இருக்கிறது. அது இந்த வீட்டு வேலையில் சேராது.

எக்ஸ்சேஞ்சுக்காகப் பழையதை அன்றே கடையில் கொடுத்துவிடும் அவசரம் வேண்டாம். இரண்டு மூன்று நாள் ஓட்டி, பெல்ட்டை மீண்டும் தொட்டுப் பார்த்து, தடித்த கம்பியின் நட்டு இறுகியிருக்கிறதா, அதன் ரப்பர் மூடி இருக்கிறதா என்று சரிபார்த்து, இரவு நிறுத்திய பேட்டரி காலையில் 12.6-ஐ ஒட்டி நிற்பதைப் பார்த்த பிறகு கொடுக்கலாம். அதுவரை ஒரு புல்லியோ பிளக் கிளிப்போ தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ள அது கையில் இருக்கும்.