முதல் ஊசிக்குப் பிறகு செய்யும் தவறு

தெருவோரத்தில் தாயை இழந்து கிடக்கும் நாய்க்குட்டிகளை எடுத்து வளர்த்து, நல்ல வீடு பார்த்துக் கொடுக்கும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். சென்ற மாதம் அறுபது நாள் குட்டியொன்றை என்னிடமிருந்து பெற்றுச் சென்ற இளம் தம்பதியர், முதல் தடுப்பூசி போட்ட மூன்றாம் நாளே அதைத் தெருமுனைப் பூங்காவின் மண்ணில் ஓடவிட்டிருந்தனர். பதறிப்போய்க் குட்டியைத் தூக்கிக் கையில் கொடுத்தபோது, "ஊசிதான் போட்டாச்சே அக்கா" என்றார் அந்தப் பெண். இதே சொற்களை ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். புதிதாகக் குட்டி வளர்ப்பவர்கள் அறியாமல் செய்யும் பெரிய தவறுகளை இங்கே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்ப மறப்பது போன்ற பிழைகளை எவரும் ஒரு வாரத்தில் தாமே திருத்திக்கொள்வர் என்பதால், அவற்றை இங்கே எழுதவில்லை.

தாயிடமிருந்து சீக்கிரம் பிரிப்பது

தாய் உயிரோடிருந்தால், எட்டு வாரம் நிறையாத குட்டியை வாங்காதீர்கள்.

முதல் ஊசியையே முழுப் பாதுகாப்பு என்று நம்புவது

நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற வைரஸ் 1978 வாக்கில் உலகெங்கும் பரவத் தொடங்கியது. குடலின் உட்சுவரையும் எலும்பு மஜ்ஜையையும் அது ஒருசேரத் தாக்குவதால், குட்டி வாந்தியாலும் ரத்தக் கழிச்சலாலும் நீரை இழக்கும் அதே நேரத்தில், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களையும் இழந்துவிடுகிறது. வைரஸைக் கொல்வதற்கென்று வழக்கத்தில் மருந்து எதுவும் இல்லாததால், குளுக்கோஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு தொற்று சேராமல் காத்து, குட்டியின் உடல் தானே மீண்டு வரும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை.

இதற்கான தடுப்பூசியை ஏன் பல தவணைகளாகப் போடுகிறார்கள் என்பதைப் புதிதாக வளர்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்பொருள்கள் குட்டிக்குக் கிடைக்கின்றன. அவை உடலில் போதிய அளவு இருக்கும்வரை, ஊசி மருந்திலுள்ள வலுக்குறைந்த வைரஸையும் தடுத்துவிடுவதால், குட்டியின் உடல் சொந்தமாக எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொள்ள வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஒரு குட்டிக்கு எட்டாம் வாரத்தில் வடிந்துவிடும் தாயின் காப்பு, உடன்பிறந்த இன்னொன்றுக்குப் பதினான்காம் வாரம்வரை நீடிக்கலாம். அதனால்தான் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் நிறையும்வரை ஊசியைத் தொடரச் சொல்கிறார்கள்.

என் முதல் குட்டி கருப்பு நிறப் பெண் குட்டி. ஒரே ஊசியோடு அதை நாள்தோறும் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றேன். ஒரு மாலை சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது; இரவில் நுரையாக வாந்தி எடுத்தது. முந்தின நாள் பசும்பால் கொடுத்திருந்ததால், பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி விடியும்வரை காத்திருந்தேன். அந்த ஓர் இரவை நினைத்தால் இன்றும் என்மீதே கோபம் வருகிறது. நான்கு நாள் குளுக்கோஸ் ஏற்றியும் குட்டி பிழைக்கவில்லை. ஊசித் தவணை முடியாத குட்டி வாந்தி எடுத்துச் சோர்ந்தால், காரணம் தேடிக்கொண்டிராமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

ஆனால் நான்கு மாதம்வரை குட்டியை அறைக்குள் பூட்டி வைப்பதும் தவறே. உலகத்தைப் பழகிக்கொள்ளும் வயது அதுதான். துணிப்பையிலோ தோளிலோ வைத்துக்கொண்டு பேருந்துச் சத்தத்தையும் குழந்தைகளையும் காய்கறி வண்டியையும் காட்டுங்கள். பிற நாய்கள் நடமாடும் மண்ணில் மட்டும் இறக்கிவிடாதீர்கள்.

இறந்த இடத்தில் உடனே இன்னொரு குட்டியை வளர்ப்பது

கருப்பி இறந்த இரண்டாம் மாதமே, வீட்டைப் பினாயில் விட்டுக் கழுவிய நம்பிக்கையில் அடுத்த குட்டியைக் கொண்டுவந்தேன். அதற்கும் அதே நோய் வந்தது. பினாயிலை நம்பி இந்த வைரஸோடு விளையாடக் கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது. தரையை முதலில் சோப்பு நீரால் அழுக்கறத் தேய்த்துவிட்டு, சுமார் 5 சதவீதச் சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள பிளீச் திரவத்தில் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஈரம் காயாமல் விட வேண்டும். தோட்டத்து மண்ணை இப்படிச் சுத்தம் செய்ய இயலாது. நிழலான ஈர மண்ணில் வைரஸ் மாதக்கணக்கில், ஓராண்டுகூட, உயிர்ப்போடிருக்கும். அத்தகைய வீட்டுக்கு, ஊசிகள் முடிந்த வளர்ந்த நாயையே நான் இப்போது தருகிறேன்.

வெற்று அட்டையை நம்புவது

ஊசி அட்டையில் மருந்துப் புட்டியின் ஒட்டுத்தாளும், தேதியும், மருத்துவரின் கையொப்பமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் காக்க வேண்டிய மருந்தைக் கடையில் யாரோ குட்டிக்கு ஊசியாகப் போட்டிருந்தால், அந்தத் தவணையைக் கணக்கில் சேர்ப்பதா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

நம் மாத்திரையைக் கொடுப்பது

மனிதருக்கான மாத்திரையைக் குட்டிக்குக் கொடுக்கவே கூடாது. வீட்டில் பூனை இருந்தால் அதற்கும் அப்படியே: பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரைகூட உயிரைப் பறிக்கும்.

வெறிநோய் ஊசியைத் தள்ளிப்போடுவது

பார்வோ ஊசியோடு இதுவும் சேர்ந்தே வந்துவிட்டது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் தனியாகப் போடப்படுவது. தெருவிலிருந்து எடுத்த குட்டி விளையாட்டாகப் பல் பதித்தாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.