உளவியல் முதலாண்டில் ஆராய்ச்சி கிரெடிட்: இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

முதலாண்டு உளவியலில் சேர்ந்ததும் கோர்ஸ் அவுட்லைனில் எல்லாரும் முதலில் தேடுவது பரீட்சைக்கு எத்தனை சதவீதம், அசைன்மெண்ட் எந்த வாரம் என்பதைத்தான். அதற்குக் கீழே ஒரு சின்ன வரி இருக்கும்: செமஸ்டர் முடிவதற்குள் இத்தனை மணி நேரம் ஆராய்ச்சிகளில் பங்கேற்க வேண்டும். அப்படிப் பங்கேற்றதற்கு உங்கள் கணக்கில் ஏறும் புள்ளிதான் ஆராய்ச்சி கிரெடிட். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இது பல பத்தாண்டுகளாக இருக்கும் வழக்கம். நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் உளவியல் நடத்தும் தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவற்றிலும் இருக்கிறது. கோலாலம்பூரில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு டியூட்டோரியல் எடுக்கிறேன், ஆய்வுக்கூடத்தில் பங்கேற்பாளர்களையும் கவனித்துக்கொள்கிறேன். ஒவ்வொரு செமஸ்டரும் அதே தவறுகள்தான் வருகின்றன, அதுவும் படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளிடமிருந்து. மதிப்பெண் போவது ஒரு பக்கம், இன்னொருவருடைய ஆராய்ச்சியும் அதோடு சேர்ந்து கெட்டுப்போகிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கடைசி வாரம் வரை தள்ளிப்போடுவதுதான் முதல் தவறு. பதினான்கு வாரம் இருக்கிறதே, பரீட்சைக்கு முந்தின வாரம் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். ஆனால் ஆராய்ச்சி செய்பவர்களுக்கும் கெடு இருக்கிறது. தீசிஸ் எழுதும் இறுதியாண்டு மாணவர் செமஸ்டர் நடுவிலேயே ஆட்களைச் சேர்த்து முடித்துவிட்டு, பிறகு உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிடுவார். கடைசி இரண்டு வாரத்தில் பட்டியலைத் திறந்தால் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு ஆய்வுகளுக்கு மொத்த வகுப்பும் அடித்துப்பிடித்துக்கொண்டிருக்கும். தீபாவளிக்கோ தைப்பூசத்துக்கோ பினாங்குக்கும் ஈப்போவுக்கும் பஸ் ஏறுகிறவர்களுக்கு அந்த வாரமும் போய்விடும். இரண்டாவது, மூன்றாவது வாரத்திலேயே ஒன்று, இடைத்தேர்வுக்கு முன் இன்னொன்று என்று முடித்துக்கொண்டே வந்தால் எந்தப் பதற்றமும் இல்லை.

பல இடங்களில் ஆய்வுகளைத் தேடிப் பதிவதும் கிரெடிட் ஏறுவதும் சோனா என்ற இணையத்தளத்தில்தான். அதில் நுழைந்ததும் பிரீஸ்கிரீன் சர்வே ஒன்று வரும். வயது, எந்தக் கை, கண் பார்வை, வீட்டில் பேசும் மொழி இப்படிப்பட்ட கேள்விகள்தான். உங்கள் பதிலை வைத்துத்தான் எந்த ஆய்வு உங்கள் கண்ணில் படும் என்பதே முடிவாகும். அதை நிரப்பாமல் விட்டுவிட்டு, எனக்கு மட்டும் ஏன் ஆய்வே காட்டவில்லை என்று வந்து கேட்கிறார்கள். இன்னும் சிலர், அதிக ஆய்வுக்குத் தகுதி கிடைக்கட்டும் என்று பொய்யாக நிரப்புகிறார்கள். இது ரொம்பவும் கெடுதல். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், நண்பர்களோடு ஆங்கிலம் என்று வளர்ந்தவர்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் எவ்வளவு வேகமாகச் சொற்களை அடையாளம் காண்கிறார் என்று பார்க்கும் ஆய்வில் நீங்கள் போய் உட்கார்ந்தால் அந்த எண்கள் வேறு மாதிரி வரும், ஏன் அப்படி வந்தது என்று அந்த ஆராய்ச்சியாளருக்குக் கடைசி வரை தெரியாது. மூன்று மொழி தெரிந்தவர்களைத் தேடும் ஆய்வுகளும் இருக்கின்றன, உண்மையைச் சொன்னால் அவை உங்களுக்குக் கிடைக்கும்.

கை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மூளையின் இடது பாதி, வலது பாதி வேலைகளை ஒப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் வலது கைக்காரர்களை மட்டுமே எடுக்கும். நம் வீடுகளில் இடது கையால் எழுத ஆரம்பித்த குழந்தையைப் பாட்டி வலது கைக்கு மாற்றிவிடுவது இன்றும் நடக்கிறது. சாப்பிடுவது எப்படியும் வலது கைதான், அதனால் சாப்பிடும் கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பந்து எறிவது, கத்தரிக்கோல் பிடிப்பது, பல் துலக்குவது எந்தக் கையில் என்று நினைத்துப் பாருங்கள். சின்ன வயதில் மாற்றப்பட்டவர் என்றால் அதையும் ஆராய்ச்சியாளரிடம் சொல்லுங்கள், அது அவருக்கு உண்மையிலேயே தேவையான தகவல்.

நேரில் போகும் ஆய்வுகளில் ஆயத்தக் குறிப்பைப் படிக்காமல் வருவதுதான் மனதுக்கு ரொம்பக் கஷ்டமான தவறு. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டி, அதில் உள்ள மின்முனைகள் தலைத்தோலில் சரியாகப் படும்படி ஜெல் வைப்பார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, இறுக்கமாகப் பின்னிக்கொண்டு வந்தால் எண்ணெய் நடுவில் நின்று சிக்னலைக் கெடுத்துவிடும். முதல் நாள் இரவோ அன்று காலையோ ஷாம்பு போட்டுக் குளித்து, கண்டிஷனர் எதுவும் போடாமல் தலையை நன்றாகக் காயவைத்துக்கொண்டு வாருங்கள். நெற்றியிலும் சில மின்முனைகள் ஒட்டுவார்கள், ஆகவே திருநீறு, குங்குமம், ஒட்டுப் பொட்டு எல்லாவற்றையும் பதிவு நேரத்துக்கு மட்டும் துடைத்துவிடச் சொல்லலாம். அதில் உங்களுக்கு மனமில்லை என்றால் அந்த ஆய்வை எடுக்காமல் இருக்கலாம், அது முழுக்க உங்கள் உரிமை. வந்து உட்கார்ந்த பிறகு முடியாது என்பதைவிட, பதிவு செய்யும்போதே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது. கண் அசைவைப் பதிவு செய்யும் ஆய்வுக்குக் கண் மையும் மஸ்காராவும் இடைஞ்சல். எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைப் பார்க்கும் ஆய்வுக்கு வருவதற்கு முன் சாப்பிடாதீர்கள், காப்பி குடிக்காதீர்கள் என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்க்காமல் மாமாக் கடையில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்தால் அன்றைய சாம்பிள் வீண்.

சொல்லாமல் வராமல் போவதைப் பற்றி நான் கடுமையாகத்தான் சொல்வேன். நீங்கள் பதிந்த அந்த அரை மணி நேரத்துக்காக ஒருவர் அறையை புக் செய்து, கருவியைத் தயார்படுத்தி, ஜெல்லைக் கலந்து வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பல துறைகளில் 24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்துவிட்டால் எந்தப் பிரச்சினையும் இல்லை. அதற்குப் பிறகு என்றால் ஆராய்ச்சியாளருக்கு ஒரு இமெயிலாவது போடுங்கள், காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று ஒரு வரி போதும். காரணம் சொல்லாமல் வராதவர்களைத் தளம் குறித்துவைக்கும், சில துறைகளில் இரண்டு தடவை ஆகிவிட்டால் மேற்கொண்டு பதியவே முடியாது. நேரத்தையும் கொஞ்சம் யோசித்துப் பதியுங்கள். மாலை ஐந்தரைக்கு ஸ்லாட் போட்டுவிட்டு ஃபெடரல் ஹைவே ஜாமில் மாட்டிக்கொண்டேன் என்றால், ஜாம் இருக்கும் என்று யாருக்குத்தான் தெரியாது. கே.டி.எம். கொமியூட்டரில் வருகிறவர்கள் ஒரு ரயில் முன்னதாகவே ஏறுங்கள். அறை எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் யாரும் போகாத மாடியில்தான் இருக்கும்.

ஆன்லைன் ஆய்வுகள் சுலபம் என்று எல்லாரும் அதற்குத்தான் ஓடுகிறார்கள், தவறுகளும் அதிகம் நடப்பது அங்கேதான். கேள்வியைப் படிக்காமல் நடுவில் உள்ள கட்டத்தையே வரிசையாக அழுத்திக்கொண்டு போனால் யாருக்குத் தெரியும் என்று நினைக்கிறார்கள். தெரியும். ஒரே விஷயத்தை நேராக ஒரு தடவையும் தலைகீழாக ஒரு தடவையும் கேட்டிருப்பார்கள். 'நான் எளிதில் பதற்றமடைபவன்', 'நான் எப்போதும் அமைதியாக இருப்பவன்' இரண்டுக்கும் 'முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன்' என்று போட்டால் உங்கள் பதிலை எப்படி எடுத்துக்கொள்வது? நடுவில் ஓரிடத்தில், கவனமாகப் படிக்கிறீர்களா என்று பார்க்க, இந்தக் கேள்விக்கு இரண்டாவது பதிலைத் தேர்ந்தெடுங்கள் என்று எழுதியிருக்கும். எத்தனை நிமிடத்தில் முடித்தீர்கள் என்பதும் பதிவாகும். திரையில் ஏதாவது தெரிந்ததும் விசையை அழுத்தச் சொல்லும் ஆய்வில் 100 மில்லிசெகண்டில் பதில் வந்திருந்தால், அது பார்த்து அழுத்தியது இல்லை, பார்ப்பதற்கு முன்பே அழுத்தியது. வெளிச்சத்தைப் பார்த்துக் கை அசைவதற்கே ஏறக்குறைய 200 மில்லிசெகண்ட் ஆகும். அதனால் லேப்டாப்பில், சத்தமில்லாத இடத்தில், ஒரே மூச்சில் செய்யுங்கள், எல்.ஆர்.டி.யில் நின்றுகொண்டு போனில் செய்யாதீர்கள்.

கடைசிக் கேள்விக்குப் பதில் போட்டதும் உலாவியை மூடிவிடுவது இன்னொன்று. பெரும்பாலான ஆன்லைன் ஆய்வுகளில் நன்றிப் பக்கம் முடிந்து, தளத்துக்குத் திரும்பிப் போகும்போதுதான் கிரெடிட் தானாக ஏறும். பாதியில் மூடினால் நீங்கள் முடித்ததாகவே அதற்குத் தெரியாது. அந்தக் கடைசிப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டால் பின்னால் பேச ஆதாரம் இருக்கும். இரண்டு பகுதி உள்ள ஆய்வு என்றால் இரண்டாவது பகுதிக்கான தேதியை இப்போதே போனில் போட்டுவையுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் வரும் கூகுள் ஃபார்ம் எல்லாம் இந்தக் கணக்கில் சேராது. சீனியர் அண்ணனுக்கோ அக்காவுக்கோ உதவி செய்ய நிரப்புங்கள், நல்ல விஷயம்தான், ஆனால் உங்கள் துறையின் பட்டியலில் இருக்கும் ஆய்வுக்கு மட்டும்தான் கிரெடிட். கிரெடிட்டுக்காக நடக்கும் ஆய்வு உங்கள் ஐ.சி. நம்பரையோ பேங்க் கணக்கையோ ஓ.டி.பி.யையோ கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சர்வே நிரப்பினால் ரிங்கிட் தருகிறோம் என்று வரும் மெசேஜ்களை நம்பிப் பணத்தைப் பறிகொடுப்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

அப்புறம், ஆய்வுக்குள் போனதும் இவர்கள் எதைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள் என்று ஊகித்து, அதற்கேற்ப 'நல்ல பிள்ளை'யாக நடந்துகொள்வது. இது கெட்ட எண்ணத்தில் வருவதே இல்லை. மார்ட்டின் ஓர்ன் என்ற உளவியலாளர் 1962-இல் இதைப் பற்றி எழுதினார். ஒரு தாளுக்கு 224 கூட்டல் கணக்குகள், அப்படி 2,000 தாள்களைக் கொடுத்துவிட்டு, நான் திரும்பி வரும்வரை செய்துகொண்டே இருங்கள் என்றால் எப்போது ஆட்கள் சலித்து நிறுத்துவார்கள் என்று பார்க்க நினைத்தார். ஐந்தரை மணி நேரம் கழித்துச் சலித்துப்போனது ஆராய்ச்சியாளர்தான், பங்கேற்பாளர் நிறுத்தவில்லை. செய்த தாளைச் சுக்குநூறாகக் கிழித்துவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள் என்று சொல்லியும் தொடர்ந்து செய்தார்கள். ஆய்வு என்றாலே இதில் ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று மனிதர்கள் அவ்வளவு நம்புகிறார்கள். பெரியவர் சொன்னால் தட்டக்கூடாது என்று வளர்ந்த நம் பிள்ளைகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. உங்களிடம் எதிர்பார்ப்பது உங்கள் இயல்பான பதில் மட்டும்தான். முடித்துவிட்டு வெளியே வந்ததும் வாசலில் காத்திருக்கும் தோழியிடம் உள்ளே என்ன நடந்தது என்று சொல்லிவிடாதீர்கள், அவர் அந்த ஆய்வுக்குப் பயன்படாமல் போய்விடுவார்.

இதே காரணத்துக்காகத்தான் ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதையும் பெரிய தவறு என்கிறேன். அதில் எவ்வளவு நேரம் ஆகும், என்ன சங்கடம் வரலாம், உங்கள் தகவலை யார் பார்ப்பார்கள், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்பதெல்லாம் இருக்கும். அந்த வரிகள் சும்மா வந்தவை இல்லை. அமெரிக்காவில் டஸ்கீகி என்ற இடத்தில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல் நோய் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வெளியே வந்த பிறகு எழுந்த கோபத்தில்தான் ஆராய்ச்சியில் பங்கேற்பவர்களைப் பாதுகாக்கும் நெறிகளைச் சொல்லும் 1979-இன் பெல்மண்ட் அறிக்கை வந்தது, இன்று நீங்கள் கையெழுத்திடும் தாளின் பின்னணி அதுதான். ஆகவே ஒரு கேள்வி பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள். குடும்பத்தில் நடந்த துக்கத்தைப் பற்றிக் கேட்டு மனம் கலங்குகிறதா, நிறுத்திவிட்டு எழுந்து வாருங்கள், கிரெடிட் போய்விடுமோ என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். விலகுபவரைத் தண்டிக்கக் கூடாது என்பது ஆராய்ச்சி நெறியின் அடிப்படை.

பங்கேற்கவே விருப்பம் இல்லை என்றாலும் வழி இருக்கிறது. பாடத்துக்காகப் பங்கேற்பைக் கட்டாயமாக்கினால் அதற்குச் சமமான மாற்று வேலை தர வேண்டும் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையே சொல்கிறது. பெரும்பாலும் ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படித்துச் சுருக்கம் எழுதச் சொல்வார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கும், உடம்பு முடியாதவர்களுக்கும் இது நல்ல வழி. ஆனால் இதற்கும் கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள், செமஸ்டர் ஆரம்பத்திலேயே லெக்சரரிடம் கேளுங்கள். 18 வயது நிரம்பாத மாணவர்களுக்கு அம்மா அப்பாவின் ஒப்புதல் கேட்பார்கள், அந்தத் தாளையும் முன்கூட்டியே வாங்கிவையுங்கள். பரிசோதனை என்ற வார்த்தையைக் கேட்டதும் வீட்டில் பயப்படுவார்கள். பெரும்பாலானவை கேள்வித்தாளும் கணினித் திரையும்தான் என்று உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள்.

முடிந்ததும் ஆராய்ச்சியாளர் தரும் விளக்கத்தை, டீபிரீஃபிங் என்பதை, பையில் திணித்துக்கொண்டு ஓடாதீர்கள். என்னைக் கேட்டால் மொத்தத்திலும் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் அதுதான். பாடப்புத்தகத்தில் குழப்பும் சார்பற்ற மாறி (ஆராய்ச்சியாளர் மாற்றிப் பார்ப்பது), சார்ந்த மாறி (அதனால் மாறுகிறதா என்று அளப்பது) எல்லாம் அங்கே கண்ணெதிரில் நடந்திருக்கும். ஏன் எனக்கு இந்தப் படத்தைக் காட்டினீர்கள், மற்றவர்களுக்கு வேறு படமா என்று கேளுங்கள். தீசிஸ் எழுதும் அக்காவோ அண்ணனோ சந்தோஷமாகச் சொல்வார்கள்.

கிரெடிட் ஏறிவிட்டதா என்று சில நாள் கழித்துப் பாருங்கள். இரண்டு உளவியல் பாடம் எடுத்திருந்தால் எந்தப் பாடத்துக்குப் போயிருக்கிறது என்பதையும் பாருங்கள், தவறான பாடத்துக்குப் போயிருந்தால் கெடுவுக்கு முன் நீங்களே மாற்றிவிடலாம். ஏறவில்லை என்றால் முதலில் அந்த ஆய்வை நடத்தியவருக்கு எழுதுங்கள். ஆய்வின் பெயர், நீங்கள் போன தேதி, நேரம், உங்கள் பங்கேற்பாளர் எண், அந்த ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஒரே இமெயிலில் இருக்கட்டும். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே இமெயிலைத் துறையின் பங்கேற்பு ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்புங்கள். இரண்டையும் பல்கலைக்கழக இமெயிலிலிருந்தே அனுப்புங்கள், சொந்த ஜிமெயிலிலிருந்து வந்தால் யார் என்று தேடுவதற்குள் கெடு முடிந்துவிடும்.